பிரதம விருந்தினர் அவுட்

அடுத்த வீட்டை எட்டிப் பார்க்கிற பழக்கம் எனக்கு இல்லை. ஆனால் ரொறன்ரோவுக்கு வடக்கே, ஸ்ரௌவ்வில்லில் புது வீடுகளை ஒன்றோடொன்று உரசுகிற மாதிரிக் கட்டிவிட்டார்கள். என் சமையலறை ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சாப்பாட்டு மேசை தானாக முன்னால் வந்து நிற்கிறது. கண்ணை மூடிக்கொண்டு வெங்காயம் வெட்ட முடியுமா?

அந்தச் சாப்பாட்டு மேசையின் சொந்தக்காரர் கிறிஸ்துநாயகம். மன்னார்ப் பக்கம். எல்லாருக்கும் நாயகம் அண்ணை. காலையில் மஞ்சள் பள்ளிக்கூட பஸ் ஓட்டுவார், பின்னேரமும் ஓட்டுவார், நடுவில் புல் வெட்டுவார். மனைவி கிளடிஸ் அக்கா கனடாவுக்கு வந்த நாளிலிருந்து கார் ஓட்டப் பழகிக்கொண்டிருக்கிறார். இன்னும் பழகி முடியவில்லை. எங்கள் பகுதியில் கார் இல்லாவிட்டால் ஒரு பை பால்கூட வாங்க வழியில்லை. ஆகவே அந்த வீட்டின் சோறு, மருந்து, ஞாயிற்றுக்கிழமைப் பூசை எல்லாமே நாயகம் அண்ணையின் லைசன்ஸில்தான் தொங்கிக்கொண்டிருந்தன.

பஸ்ஸுக்கு வெளியே அவருக்கு ஒரு பெருமை உண்டு. அவர் பேஸ்போல் அம்பயர். மகள் நிரோஷினி சின்னப்பிள்ளையாக விளையாடிய காலத்தில், அம்பயர் வராத ஒரு நாள், வேலியோரம் சும்மா நின்ற தகப்பனைப் பிடித்து மைதானத்தில் விட்டார்கள். விட்டவர்கள் போய்விட்டார்கள், மகளும் கல்யாணம் கட்டி பிக்கரிங்குக்குப் போய்விட்டாள், இவர் மட்டும் நின்றுவிட்டார். வகுப்புக்குப் போய், சோதனை எழுதி, முகக்கவசமும் மார்புக்கவசமும் வாங்கி, வெள்ளைக்காரப் பிள்ளைகளின் தாய் தகப்பன்மாரிடம் வாரக் கடைசிகளில் ஆங்கிலத்தில் ஏச்சு வாங்கிக்கொண்டிருந்தார். சந்தோஷமாகத்தான் இருந்தார். அந்த நேரத்தில்தான் பேரவை அவரைக் கண்டுபிடித்தது.

பேரவை பற்றிச் சொல்ல வேண்டும். ரொறன்ரோவில் தமிழர்களுக்குக் கிரிக்கெட் சங்கம் இருக்கிறது, உதைபந்தாட்டச் சங்கம் இருக்கிறது, கரப்பந்து, பூப்பந்து, கரம், தாச்சி எல்லாவற்றுக்கும் இருக்கிறது. எல்லாவற்றிலும் தலைவர்கள் இருந்துகொண்டிருந்தார்கள். ஒருவரும் எழும்புகிற அறிகுறி இல்லை. தலைவர் ஆவதற்கென்றே பிறந்த வீடு விற்பனை முகவர் செல்வரட்ணம், தலைவர் இல்லாத ஒரு விளையாட்டைத் தேடி அலைந்து, பேஸ்போலில் வந்து முட்டினார். அனைத்துலகத் தமிழர் பேஸ்போல் பேரவை பிறந்தது. முதலில் தலைவர் வந்தார். பிறகு செயலாளராக ஜனார்த்தனன் வந்தார். பிறகு காப்பாளர்கள், ஆலோசகர்கள், ஒரு கொடி, ஒரு கீதம். கடைசியில் யாரோ ஞாபகப்படுத்தியதால் விளையாட்டு வீரர்களையும் சேர்த்தார்கள்.

நாயகம் அண்ணையைச் சம்பளம் கொடுத்து நியமித்தார்கள். உலகத் தமிழரின் முதலாவது தொழில்முறை மத்தியஸ்தர் என்று பத்திரிகையில் படம் போட்டார்கள். அந்தப் படத்தைக் கிளடிஸ் அக்கா சட்டம் போட்டு மாட்டியதை என் ஜன்னலிலிருந்தே பார்த்தேன். சற்றுச் சரிவாக மாட்டியிருந்தார். நான் போய்ச் சொல்லவில்லை.

முதல் ஆட்டம் ஸ்காபரோ மைதானம் ஒன்றில். காலை ஒன்பது மணி ஆட்டத்துக்கு மத்தியானம்தான் விளக்கேற்றினார்கள். முன்வரிசை நடுவில் இராசமணி ஐயா இருந்தார். முன்பு பேரவையின் பொருளாளர். ஒரு கூட்டத்தில் எழும்பி, "அடுத்த தேர்தல் எப்ப?" என்று கேட்டவர். தேர்தல் ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது, ஐயா அதை மறந்துவிட்டார், பாவம், வயது, என்று தலைவர் சபைக்கு விளக்கினார். அந்த மாதமே அவருக்கு மறதி நோய் என்று முடிவாகி, விழா எடுத்து, 'நினைவுச் செம்மல்' என்ற பட்டமும் கொடுத்தார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு நிகழ்வுக்கும் யாராவது அவரைக் கையில் பிடித்து அழைத்து வருகிறார்கள். தலைவர் யார் என்று கேட்டால் மட்டும் சரியாகச் சொல்கிறார்.

பிரதம விருந்தினர் தங்கத்துரை. மண்டப முதலாளி. நம்முடைய கல்யாணம், சாமத்தியம், பிறந்தநாள், அந்தியேட்டி மதியபோசனம் எதுவானாலும் அவருடைய கதவால்தான் உள்ளே போய் வெளியே வரவேண்டும். வெற்றிக்கிண்ணத்துக்கும் அவருடைய பெயர்தான். விளக்கேற்றுவதற்காகச் சப்பாத்தைக் கழற்றியவர், வெறுங்காலோடும், தோளில் பொன்னாடையோடும், கழுத்தில் மாலையோடும் மட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். சம்பிரதாயமான முதல் பந்து. அவர் அதை மெதுவாகத் தட்ட, நாங்கள் கை தட்ட, படம் எடுக்க, சாப்பாடு திறக்க வேண்டும்.

பந்து வந்தது. தங்கத்துரை மட்டையை வீசினார். படவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். இரண்டாவது வந்தது. மட்டை பொன்னாடையில் சிக்கிக்கொண்டது. கொஞ்சப் பேர் சிரித்தார்கள். மூன்றாவதை, குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரிக் கொண்டுவந்து போட்டார்கள். தங்கத்துரை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு சுற்றினார். மாலையிலிருந்து பூக்கள் பறந்தன. பந்து போய்ப் பிடிப்பவனின் கையுறைக்குள் விழுந்தது.

மூன்று தரம் தவறவிட்டால் அவுட். அது பேஸ்போல். நாயகம் அண்ணை வருடக்கணக்காகச் செய்ததையே செய்தார். முட்டியை மடக்கி, கையை உயர்த்தி, சனம் எல்லாம் கேட்க, "அவுட்!" என்றார்.

வடைப் பெட்டியின் மூடியைத் திறந்த பெண் அதை மெதுவாகத் திரும்ப மூடினாள்.

அடுத்த கிழமை பேரவை அண்ணை வீட்டுக்கு வந்தது. தலைவர், செயலாளர், கண் பரிசோதகர் கிருபன், கையில் பிடித்துக் கூட்டிவந்த இராசமணி ஐயா. ஒரு பழக்கூடை, ஒரு ரின் நெஸ்ரமோல்ற் சத்துமா. நோயாளியைப் பார்க்கப் போகும்போது கொண்டுபோகிற சாமான்கள். அந்த நேரம் பார்த்து எனக்கும் கிளடிஸ் அக்காவிடம் கறிவேப்பிலை வாங்க வேண்டியிருந்தது.

"அண்ணை, கண் எப்பிடி?" என்று ஜனார்த்தனன் தொடங்கினார்.

"கண்ணுக்கென்ன?"

"அதைத்தான் நாங்களும் யோசிக்கிறம்."

தலைவர் அண்ணையின் முழங்காலில் கை வைத்தார். "இஞ்சை பாரும் நாயகம், இதிலை வெக்கப்பட ஒண்டுமில்லை. நீர் தங்கத்துரை அண்ணைக்கு அவுட் குடுத்தனீர். அதுக்கு ரெண்டே ரெண்டு காரணம்தான் இருக்கலாம். ஒண்டு, உமக்கு அவரோடை ஏதும் கோவம். கோவமோ?"

"சீச்சீ, எனக்கென்ன கோவம்?"

"அப்ப கண்தான்."

"மூண்டாவது காரணம் ஒண்டு இருக்குத் தலைவர்," என்றார் நாயகம் அண்ணை மரியாதையாக. "அவர் அவுட்."

ஜனார்த்தனன் கவலையோடு தலையை ஆட்டினார். "பிரதம விருந்தினர் அவுட் ஆகிறதுக்கு எங்கடை பேரவைச் சட்ட யாப்பிலை இடமில்லை அண்ணை. நான்தான் எழுதினனான், எனக்குத் தெரியும்."

கிருபன் நல்ல பிள்ளை, மெதுவாகக் கதைப்பார். "அங்கிள், பயப்பிடாதேங்கோ. நான் உங்களைச் சோதிக்கமாட்டன். சோதிச்சுக் குறை கண்டா லைசன்ஸ் கந்தோருக்கு அறிவிக்க வேணும், பிறகு உங்கடை பஸ்ஸும் போயிடும். இது அப்பிடியில்லை. இது சமூகக் கண் குறைபாடு. சபையிலை ஒருக்கா எழும்பி, 'எனக்கு வடிவாத் தெரியேல்லை' எண்டு சொன்னாப் போதும். தமிழிலைதானே சொல்லப்போறியள். வெளியிலை ஒருத்தருக்கும் விளங்காது."

"நான் வடிவாக் கண்டனான், தம்பி."

"அதுதான் அறிகுறியே," என்றார் தலைவர்.

கிளடிஸ் அக்கா தேத்தண்ணித் தட்டோடு வாசலில் அப்படியே நின்றார். "அவர் சொல்லமாட்டன் எண்டா, நீங்கள் என்ன செய்வியள்?" என்று கேட்டார்.

தலைவருக்கு உண்மையாகவே மனம் நொந்துவிட்டது. "என்ன பிள்ளை உப்பிடிக் கேக்கிறீர்? நாங்கள் ஆரையும் தண்டிக்கிற ஆக்களோ? நாங்கள் கௌரவிக்கிற ஆக்கள். நாங்கள் கௌரவிச்ச ஒருத்தரெண்டாலும் இண்டைக்கு வரைக்கும் எங்களிலை குறை சொன்னதா இருக்கோ? இந்தா, இராசமணி அண்ணையைக் கேளும்."

இராசமணி ஐயா சோபாவில் இருந்தபடி எங்கள் எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். சிரிப்பு நல்ல சிரிப்புத்தான். ஏனோ எனக்குக் கறிவேப்பிலையை வாங்கிக்கொண்டு உடனே வீட்டுக்குப் போகவேண்டும் போலிருந்தது. ஆனால் போகவில்லை.

அதற்குப் பிறகு ஒருவரும் அண்ணைக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். எல்லோரும் நல்லதுதான் செய்தார்கள்.

தமிழ்க்கடைக்குப் போனால் யாராவது ஓடிவந்து அவரின் முழங்கையைப் பிடித்து மீன் பகுதிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். பழகிய முகங்கள் கிட்ட வந்து, "அண்ணை, நான் கிறிஸ்ரினா கதைக்கிறன்" என்று பெயர் சொல்லிப் பேசின. மீன் வெட்டுகிறவர் விளைமீனை அவர் கையில் தொட்டுப் பார்க்கக் கொடுத்தார். கோவிலில் சுவாமியார், கண்ணொளி மங்கிய எங்கள் சகோதரனுக்காக என்று மன்றாட்டில் பெயர் சொல்லி வேண்டினார். சனம் "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றபோது அண்ணையும் பழக்கத்தில் சேர்ந்து சொல்லிவிட்டார். ஒரு நாள் காரில் போகும்போது வானொலியைப் போட்டிருக்கிறார். பார்வை இழந்தும் தளராத ஒரு மனிதரின் கதை போய்க்கொண்டிருந்ததாம். கேட்டுக்கொண்டு மார்க்கம் நகரைத் தாண்டும்வரை, ஆர் இந்தப் பாவம் என்று அவரும் கவலைப்பட்டிருக்கிறார்.

"பிள்ளை, எனக்குக் கண் தெரியுது எண்டு நான் ஆருக்குச் சொல்லுறது?" என்று வேலிக்கு மேலால் என்னிடம் கேட்டார். நான் சிரித்து மழுப்பினேன். கதைத்துக்கொண்டிருக்கும்போதே "நிலாணி கதைக்கிறன், அண்ணை" என்று நானும் என் பெயரை ஒருக்கால் சொல்லியிருந்தேன் என்பது பிறகுதான் உறைத்தது.

பாராட்டு விழா தங்கத்துரையின் மண்டபத்தில். 'ஒளி தேடும் விழிகள்' என்று பெரிய பதாகை. நாயகம் அண்ணை கண் சிமிட்டிய நொடியில் எடுத்த படம் ஒன்றைத் தேடிப் பிடித்து மேடை அகலத்துக்குப் பெரிதாக்கியிருந்தார்கள். நிரோஷினி அதைப் பார்த்துவிட்டு, "அப்பா, திஸ் இஸ் கிரீப்பி. வாங்கோ, வீட்டை போவம்," என்றாள். "இருக்கட்டும் பிள்ளை. ஒரு சொல்லுத்தானே. சொல்லிப்போட்டு வருவம்," என்றார் அவர். ஆம், அதற்குள் அவர் இறங்கி வந்துவிட்டார். சொல்லிவிட்டுத் தொல்லையை முடிப்போம் என்றுதான் கோட் போட்டு வந்திருந்தார்.

காரியத்தைக் கெடுத்தது பேரவையின் பண்பாடு. எங்கள் விழா எதற்கும் முன்வரிசையில் ஒரு வெள்ளைக்காரர் இல்லாவிட்டால் படம் எடுபடாது. ஜனார்த்தனன் யாரைக் கூப்பிடலாம் என்று தேடி, அண்ணைக்கும் ஓர் இன்ப அதிர்ச்சியாக இருக்கட்டுமென்று, அவருடைய பஸ் கொம்பனி மனேஜர் றிச்சர்ட்டையே சிறப்பு விருந்தினராக அழைத்துவிட்டார். றிச்சர்ட் கழுத்தில் மாலையோடும் நெற்றியில் சந்தனத்தோடும் இருந்து, பதாகையில் மூடிக் கிடந்த அந்த இரண்டு பெரிய கண்களையும் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஜனார்த்தனன், ஒவ்வொரு பேச்சையும் ஆங்கிலத்தில் அவர் காதுக்குள் பெய்துகொண்டிருந்தார்.

அண்ணை அதைக் கண்டார். அவருடைய முகம் கழுவின கோப்பை மாதிரி வெளுத்துப் போனதை நான் கண்டேன்.

தங்கத்துரை பேசினார். "நான் மன்னிச்சிட்டன். மனசிலை ஒண்டும் இல்லை. கண் தெரியாத ஒருத்தர் எனக்கு அவுட் குடுத்தா எனக்கென்ன குறை? கண் தெரிஞ்சவன் குடுத்திருந்தாத்தானே அது அவுட்." மண்டபம் அதிரக் கை தட்டினோம்.

கைதட்டலுக்குள்ளே இராசமணி ஐயா பக்கத்துக் கதிரையில் இருந்த நாயகம் அண்ணையின் காதுப்பக்கம் சாய்ந்தார். நேர் பின்னால், ஐந்தாவது மேசையில் நான் இருந்தபடியால் கேட்டது.

"முதல் கொஞ்ச நாளைக்குத்தான் நடிக்க வேணும், தம்பி," என்றார் அவர். "பிறகு நடிக்கத் தேவையில்லை."

சொல்லிவிட்டுத் திரும்பவும் மேடையைப் பார்த்து அதே சிரிப்பைச் சிரித்தார்.

நாயகம் அண்ணையை இரண்டு பேர் பிடித்து மேடைக்கு ஏற்றினார்கள். வெள்ளைக் கைத்தடி ஒன்றை, சிவப்பு ரிபன் கட்டி, தலைவர் அவர் கையில் கொடுத்தார். ஒலிவாங்கியைப் பிடித்து அவர் வாயருகே வைத்தார்கள். எனக்கு வடிவாத் தெரியேல்லை. அவ்வளவுதான் சொல்ல வேண்டும். சொன்னால் மனேஜருக்குப் போகும், பஸ் போகும். சொல்லாவிட்டால் மண்டபம் நிறைந்த சனத்தின் முன்னால் பேரவையின் முகத்தில் அடித்த மாதிரி.

அண்ணை சபையை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்தார்.

"எனக்கு எல்லாம் தெரியுது," என்றார். "அண்டைக்கும் தெரிஞ்சது. மூண்டு பந்தும் படேல்லை. மூண்டாவதுக்குத் தங்கத்துரை அண்ணைதான் கண்ணை மூடினவர், நான் மூடேல்லை. இப்பவும் தெரியுது. வெளியிலை போற வாசல் லைற் எரியேல்லை. அஞ்சாவது மேசையிலை நிலாணி எல்லாரும் மேடையைப் பாக்கிற நேரம் பாத்து மட்டன் ரோல்ஸை ரிசுப் பேப்பரிலை சுத்துறா."

பொய். அதற்குள் நான் சுற்றி முடித்துவிட்டேன்.

தலைவர் எழும்பி வந்தார். கோபப்படவில்லை. ஒலிவாங்கியைக் குழந்தையிடமிருந்து கத்தியை வாங்குகிற மாதிரி மெதுவாக வாங்கினார். கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, திரும்பவும் போட்டார்.

"பாத்தீங்களே," என்றார் தழுதழுத்து. "நாங்கள் கண் மட்டும் எண்டெல்லோ நினைச்சிருந்தம்."

மண்டபம் முழுவதும் "ச்சு, ச்சு" என்றது. முன்வரிசையில் யாரோ விம்மினார்கள். அண்ணைக்கு மனநிலையும் சரியில்லை என்ற தீர்மானம் அங்கேயே நிறைவேறியது. என்ன நடக்கிறது என்று றிச்சர்ட் கேட்டார். இல்லாததெல்லாம் அவர் கண்ணுக்குத் தெரிகிறது என்று ஜனார்த்தனன் நல்ல ஆங்கிலத்தில் விளக்கினார். றிச்சர்ட் அருமையான மனிதர். மேடையேறி அண்ணையைக் கட்டிப் பிடித்துக் கண் கலங்கினார். திங்கட்கிழமை எங்கள் தெருவுக்கு வந்த மஞ்சள் பஸ்ஸில் வேறொருவர் இருந்தார். லைசன்ஸையும், வைத்தியர்கள் பார்த்து முடிக்கும்வரை என்று, வாங்கிக்கொண்டார்கள். வைத்தியர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கண்ணில் ஒரு குறையும் தெரியாததால் அவர்களுக்கு நேரம் எடுக்கிறது.

பேரவை அவரைக் கைவிடவில்லை. இன்றைக்கும் அவர்தான் அம்பயர். கறுப்புக் கண்ணாடி போட்டு நிறுத்துகிறார்கள். பந்து போகும், ஜனார்த்தனன் தலைவரைப் பார்ப்பார், பிறகு அண்ணையின் கையைப் பிடித்து உயர்த்துவார் அல்லது உயர்த்தமாட்டார். அண்ணை ஒன்றும் பேசுவதில்லை. ஒரு பிழையும் விடாத மத்தியஸ்தர் என்று அமெரிக்காவிலிருந்தும் அழைப்பு வருகிறதாம். பிரதம விருந்தினர்கள் இப்போது வரிசையில் நிற்கிறார்கள். ஒருவரும் அவுட் ஆவதில்லை.

அவரை ஏற்றி இறக்குவதற்குத் தொண்டர்களைப் பிரித்துவிட்டிருக்கிறார்கள். ஆவணியில் என் மகள் சஜிதாவின் கல்யாணம், தங்கத்துரையின் மண்டபம். ஆகவே ஒருவரும் கேட்காமலே நான் பெயர் கொடுத்தேன். தொண்டர்களுக்கு ஒரே ஒரு கட்டளை: அவர் கண்டதாகச் சொல்லுவதை ஒருவரும் ஆமோதிக்கக்கூடாது. ஆமோதித்தால் அவருடைய நோய் கூடிவிடும்.

போன சனிக்கிழமை ஆட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அண்ணை என் பக்கத்தில். பின் சீற்றில் ஜனார்த்தனன் போனில் நன்றியுரை எழுதிக்கொண்டு வந்தார். எங்கள் பக்கத்துச் சந்திகள் அகலமானவை; கல்லும் மண்ணும் ஏற்றுகிற லொறிகள் காற்றாகப் போகும். ஒரு சந்தி விளக்கில் நிறுத்தினேன்.

"சிவப்பு," என்றார் அண்ணை.

சிவப்புத்தான். எனக்கும் தெரிந்தது. நான் வாய் திறக்கவில்லை.

பின்னாலிருந்து ஜனார்த்தனன், போனிலிருந்து தலையை எடுக்காமல், "அக்கா, அண்ணை என்னவோ நிறம் சொல்லுறார்," என்றார்.

ஆவணி கிட்ட வந்துகொண்டிருந்தது.

"இல்லை அண்ணை," என்றேன். "பச்சை."

நாயகம் அண்ணை கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபம் இல்லை. ஆட்டத்தில் பந்தைப் பார்க்கிற பார்வை. அவருக்கு அந்தப் பக்கத்து ஜன்னலால் ஒரு பெரிய லொறி வேகம் குறைக்காமல் வருவது எனக்குத் தெரிந்தது. அவருக்கும் அதன் சத்தம் கேட்டிருக்கும்.

"பச்சையெண்டா ஏன் பிள்ளை நிக்கிறாய்?" என்றார்.

"அதுதானே," என்றார் ஜனார்த்தனன், எழுதிக்கொண்டே. "எடுங்கோ அக்கா. தலைவர் வந்திட்டாராம்."

நான் பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன்.